யாருடைய பழம் என்று கேட்காதவர்

எங்கள் ஊர் மிஷன் சபையில் நோயாளிகளுக்கான வேண்டுதல் நோட்டு ஒன்று இருந்தது. யாருக்காவது சுகமில்லையென்றால் வீட்டார் சனிக்கிழமை மாலைக்குள் வந்து சொல்வார்கள். உபதேசியார் அதில் எழுதிவைத்து ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல. ஊர் விவரங்களைத் தேதிவாரியாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் நோட்டை இரண்டு வாரம் இரவல் தந்தார்கள். அதில் ஒரு பதிவை அப்படியே படி எடுத்திருக்கிறேன்: “நமது நர்ஸம்மாவுக்குச் சில நாளாகக் கடும் வயிற்று நோவு. ஆகாரம் செல்லவில்லை. சபையார் ஊக்கமாய் ஜெபிக்கவும்.” தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. முந்தின, பிந்தின பதிவுகளை எண்ணிப் பார்த்ததில், 1954 ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு என்று வருகிறது.

பதிவின் தேதியில் எனக்குச் சந்தேகம் இல்லை. விஷயம்தான் தவறு. நர்ஸம்மாவுக்கு அந்த மாதம் வயிற்று நோவு கிடையாது. எனக்குத் தெரிந்து அவர் நோயாளியாகப் படுத்தது ஒரே முறை, அந்த ஒன்பது நாள். அதுவும் நோயில்லாமல். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் இதை நான் துணிந்து எழுதலாம்.

பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகும் வழியில் எங்கள் இரு வீடுகளும் ஒரு கிணற்றைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தபால் ஆபீசில் குமாஸ்தா. காரக்கோணத்தில் பெண்ணெடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நர்ஸம்மா மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். ஐம்பது தாண்டியும் முதுகு வளையாது. கிணற்றடிக்கு வந்தாலும் வார்டுக்குள் நுழைகிறவர் மாதிரிதான் வருவார்.

ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் குடும்பம் கப்பலேறியபோது வேலைக்காரர்கள் நாற்காலியும் அலமாரியும் கேட்டு வாங்கினார்கள். நர்ஸம்மா சமையலறையில் இருந்த ஆப்பிள் மிஷினைக் கேட்டார். வார்ப்பிரும்பில் செய்தது, ஒரு முழ நீளம் இருக்கும். மேசை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்க வேண்டும். நீளமான திருகு ஒன்று. அதன் ஒரு முனையில் கைப்பிடி, மறு முனையில் மூன்று முள். பழத்தை முள்ளில் குத்திக் கைப்பிடியைச் சுற்றினால், பழம் சுழன்றபடியே முன்னால் நகரும். வில்லில் மாட்டிய சின்னக் கத்தி தோலை நாடாவாக உரித்துக்கொண்டே வரும். அதையும் தாண்டினால் ஒரு வளையக் கத்தி. அது நடுத்தண்டை விதையோடு தனியாக நிறுத்திவிட்டு, சதையைச் சுருள் சுருளாக அறுத்துத் தரும். மொத்தம் பதினைந்து இருபது சுற்று. முதல் தடவை பார்த்தபோது நான் கடிகாரத்தை எடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆப்பிள் விளையாத ஊரில் இது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அன்று ஆப்பிளை யாரும் ருசிக்காக வாங்கவில்லை. டைபாய்டு வந்தவர், ஆபரேஷன் முடிந்தவர், பிரசவத்தில் துவண்டவர், இவர்களுக்கென்று திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும் பழம் அது. பாறசாலைச் சந்தையில் ஒரே ஒரு கடையில் கிடைக்கும். பழத்தின் தோல் நோயாளியின் குடலைப் பிடிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே பழம் வாங்கியவர்கள் நேரே நர்ஸம்மாவிடம் வருவார்கள். ஒரு வீட்டில் ஆப்பிள் வந்தது என்றால் அங்கே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருக்கு நோய், எவ்வளவு கடுமை என்பதை அந்த வராந்தாவில் உட்கார்ந்தே ஒருவர் முழுக்கத் தெரிந்துகொள்ளலாம். நர்ஸம்மா தெரிந்துகொள்ள மறுத்தார்.

கொண்டு வருகிறவர்களிடம் யாருக்கு என்று அவர் கேட்டதே இல்லை. பழத்தை வாங்குவார், கழுவுவார், காம்புக் குழியில் கட்டைவிரலை வைத்து நடுவைப் பார்ப்பார், குத்துவார், சுற்றுவார். சுருளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு மூடி, தோலையும் நடுத்தண்டையும் இலையில் தனியாகக் கட்டி, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு முள்ளின் மேலும் கத்தியின் மேலும் கொதிநீர் ஊற்றுவார். ஒருவர் பழத்துக்கும் அடுத்தவர் பழத்துக்கும் நடுவில் இது தவறாது. திருகுக்கு ஆமணக்கெண்ணெய். அந்த வராந்தாவில் எப்போதும் ஆஸ்பத்திரி வாசனைதான்.

அந்த வீட்டுப் பக்கம் பூ பறிக்க வருகிற ஒருத்தி, கூடையில் துணி மூடிய பழத்தைப் பார்த்துவிட்டு, “இது ஆருக்கு அக்கா?” என்று இழுத்தாள்.

“கிண்ணத்துக்கு” என்றார் நர்ஸம்மா, சுற்றுவதை நிறுத்தாமல்.

கைப்பிடியை வேறு யாரும் தொடக்கூடாது என்ற சட்டம் என் மனைவியால் வந்தது. கல்யாணமான புதிதில், பிறந்த வீட்டிலிருந்து வந்த மாங்காயைக் கொண்டுபோய், இதையும் சுற்றலாமே என்று அவளே குத்திச் சுற்றியிருக்கிறாள். முள் கொட்டையில் முட்டி வளைந்தது. கத்தி துள்ளி விழுந்தது. நர்ஸம்மா திட்டவில்லை. “மிஷினுக்கு கொட்ட இருக்குதது தெரியாது மக்கா. சுத்துதவளுக்கு தெரியணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை சின்னச் சுத்தியலால் முள்ளைத் தட்டி நிமிர்த்தினார். அன்றோடு மற்றவர் கைக்கு விலக்கு.

கேட்காத குணம் எல்லாருக்கும் பிடித்ததல்ல. எனக்கே ஒருமுறை உறுத்தியது. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் தொடர்ந்து பதினொரு நாள் பழம் கொண்டு வந்தாள். ஒவ்வொரு நாளும் கிண்ணத்தை வாங்கிய பிறகும் படியில் ஒரு கணம் நிற்பாள். யாராவது கேட்டால் சொல்லி அழலாம் என்று நிற்கிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. நர்ஸம்மா கொதிநீர் எடுக்க உள்ளே போய்விடுவார். பன்னிரண்டாம் நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. என் மனைவிக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நேரே கேட்டுவிட்டாள்.

“கேட்டா அவ அழுவா. அழுது தீர அர மணிக்கூறு ஆவும். அங்க ஒரு ஆளு வாய தொறந்து வச்சிட்டு கெடக்கும்” என்றார் நர்ஸம்மா. என் மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முழுதாக ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

இனி ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். அந்த வருடம் எல்லைப் பிரச்சினை முற்றியிருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று மறியலும் ஊர்வலமும் நடந்தன. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. ஊரில் பாதி வீடு ஒரு பக்கம், பாதி வீடு மறு பக்கம். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் ஒருவர் வாதம் பண்ண வந்தார். “கொதிக்க வச்ச தண்ணி ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே” என்று அவரை அனுப்பிவிட்டார். பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. பஸ் நின்றது. அங்கிருந்து ஓடிவந்தவர்களைத் தேடி எங்கள் கிராமங்களிலும் போலீஸ் நடமாடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதில் முதல் பகுதி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரப் பெண் தாயோடு இருந்தாள். மார்த்தாண்டத்தில் வேலை பார்த்த அவள் தம்பி, புதன் இரவு காலில் காயத்தோடு வந்து சேர்ந்து, உள்ளறையில் கிடந்தான். காயம் எப்படிப் பட்டது என்பதை நான் இங்கே எழுதவில்லை. எனக்குச் சொன்ன இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வீட்டார் ஜன்னலை அடைத்தார்கள். யாரும் பின்பக்கம் வராதபடி ஆட்டைக்கூட வேறு இடத்தில் கட்டினார்கள். வருகிறவர்களை வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். எல்லாம் சரியாகச் செய்தவர்கள், ரத்தம் போன பிள்ளைக்கு ஆப்பிள் கொடுக்காமல் இருக்க மட்டும் மனம் வராமல், வெள்ளிக்கிழமை சந்தைக்கு அக்காளை அனுப்பிவிட்டார்கள். பழக்கடைக்காரருக்கு ஒரு வழக்கம்: ஆப்பிளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குச் சுகமில்லை என்று கேட்பார், பதில் சொன்னால்தான் கை நீளும். அவர் திடீரென்று கேட்டதும் இவள் வாயில் வந்த முதல் பெயர் நர்ஸம்மா. ஆப்பிள் என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவு வரும் ஆள் அவர்தானே.

அந்தப் பழத்தைத் துண்டில் சுற்றி நர்ஸம்மாவிடமே கொண்டு வந்து கொடுத்து, அரை மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கப் போனாள். தன் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயத்தில் மறந்திருக்கலாம். மெயில் பஸ் வராததால் நான் வீட்டில் இருந்தேன். நானும் மனைவியும் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தோம். நர்ஸம்மா பழத்தைக் குத்திச் சுற்றத் தொடங்கினார். நாலு சுற்று ஆகியிருக்கும். ஏட்டு ஒருவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

விளவங்கோடு பக்கத்துக்காரர், எங்களைப் போலவே பேசுவார். கடுமையான ஆள் என்று பெயரில்லை, ஆனால் எதையும் விடாமல் விசாரிப்பவர்.

“நர்ஸம்மைக்கு சுகமில்லண்ணு சந்தையில கேட்டேன். ஆப்பிள் வாங்கிட்டு போனாவண்ணு கடக்காரன் சொன்னான். அதான் பாத்துட்டு போலாம்ண்ணு வந்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸம்மாவின் கை நின்றது. தோல் நாடா பாதியில் தொங்கியது. சுற்று நடுவில் நின்று நான் பார்த்தது அன்றுதான். இந்தப் பழத்தைக் கொண்டுவந்தவள் தன் பெயரைச் சொல்லி அதை வாங்கியிருக்கிறாள். தனக்கு நோயில்லை என்று ஒரு சொல் சொன்னால் அவள் அகப்பட்டுவிடுவாள். இவ்வளவுதான் அவருக்கு அப்போது தெரிந்திருக்க முடியும். அவர் யோசித்த நேரத்தை நான் அளக்கவில்லை. ஒரு மூச்சுக்கு மேல் இராது.

“உண்டு ஏட்டே. மூணு நாளாட்டு வயித்து நோவு.”

“பாத்தா தெரியல்லியே.”

“இருவத்தஞ்சு வருசம் மத்தவனுக்க நோவ பாத்தவளாக்கும் நான். எனக்க நோவ உமக்கு வெளிச்சம் போட்டு காட்டணுமா?” பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். “மக்கா, மிச்சத்த நீ சுத்து. எனக்கு நிக்க ஒக்கல்ல.”

நான்கு மாதமாக அந்தக் கைப்பிடிக்கு விலக்கப்பட்டவள் எழுந்து போனாள். என்னவோ நடக்கிறது என்று அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. தோல் இரண்டு இடத்தில் அறுந்தது. ஏட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பழம் வாங்கிட்டு வந்தது ஆரு?”

“பழம் வந்துது. கொண்டுவந்தது ஆருண்ணு நான் கேக்கது இல்ல. ஊருல எவங்கிட்ட வேணும்ண்ணாலும் விசாரிச்சு பாரும்.”

நர்ஸம்மா கேட்கமாட்டார் என்பது போலீஸ் ஸ்டேஷன்வரை தெரிந்த விஷயம். ஆனாலும் ஏட்டு எழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நோயாளி பழம் தின்பதைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர் மாதிரி சாய்ந்துகொண்டார். எந்த நிமிடமும் தையல்காரப் பெண் கிண்ணத்துக்காக வந்துவிடுவாள். கொதிநீர் எடுத்து வருகிறேன் என்று என் மனைவி அடுக்களை வழியாக இறங்கி, வரப்பில் ஓடி, அவளைத் தடுத்துத் திருப்பி அனுப்பினாள். நான் செய்தது ஒன்றும் இல்லை. மணி நாலு இருபது என்று பார்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

நர்ஸம்மா சுருளை வளையம் வளையமாகப் பிய்த்துத் தின்றார். எத்தனையோ நூறு ஆப்பிள் அந்தக் கை வழியாகப் போயிருக்கும்; ஒரு துண்டை அவர் வாயில் வைத்து நாங்கள் பார்த்ததில்லை. யாருக்கோ உரியது என்று தெரிந்து, கடைசி வளையம்வரை, முகம் சுளிக்காமல் தின்றார். ஏட்டு எழுந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

சைக்கிள் சத்தம் அடங்கியதும் என்னைப் பார்த்து, “எலே, சொன்னா போராது. படுக்கணும்” என்றார். படுப்பதையும் ஒரு வேலையாகத்தான் திட்டமிட்டார். காய்ச்சல் என்று சொன்னால் வருகிறவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வயிற்று நோவுக்குத் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தார். சாப்பிட்டுவிட்டுப் பட்டினி என்று சொல்வது அவரால் ஆகவில்லை.

நோயாளிக்கு வரவேண்டியதெல்லாம் வந்தது. பன், ஆரஞ்சு, குளுக்கோஸ், மூன்று வீட்டிலிருந்து ஆப்பிள். ஊருக்கெல்லாம் பழம் சீவிக் கொடுத்தவர் படுத்துவிட்டார் என்றால் சும்மா இருப்பார்களா? அவ்வளவையும் என் மனைவி கூடையில் போட்டு, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற சாக்கில் வயலுக்கு அப்பால் கொண்டுபோனாள். முதல் நாள் கூடையில் நர்ஸம்மா ஒரு பஞ்சுச் சுருளும் அயோடின் புட்டியும் வைத்தார். காயத்தை எங்கள் பக்கத்தில் முறிவு என்போம்.

“அங்க ஆருக்காவது முறிவு இருந்தா, தண்ணி கொதிச்சு ஆறின பெறவு கழுவணும், நடுவுல இருந்து வெளிய பாத்து. இல்லண்ணா பஞ்ச தலையணைக்கு வச்சுக்கட்டும்.”

மனைவி திரும்பி வந்து, அங்கே கிடப்பது இன்னான் என்று தொடங்கினாள். நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “முறிவ சொல்லு. ஆள சொல்லாத.” எவ்வளவு நீளம், ஓரம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று கால் மணி நேரம் கேட்டார். கேள்வியே கேட்காதவர் அத்தனை கேள்வி கேட்டு நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாளிலிருந்து, கழற்றிய பஞ்சை வாழையிலையில் கட்டி எடுத்துவரச் சொன்னார். படுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். மூன்றாம் நாள் பஞ்சைத் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனால் பிடித்துக்கொள்வார்கள். போகாவிட்டால் கால் போகும், ஒருவேளை உயிரும். இதை அவர் சொல்லவில்லை, நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் இருந்த பழைய சிநேகிதி ஒருத்தியிடம், வயிற்றுக்கும் புண்ணுக்கும் கேட்கும் சல்பா மாத்திரையைத் தன் நோவுக்கென்று கேட்டுச் சீட்டு எழுதினார். நான் எடுத்துப்போய் வாங்கி வந்தேன். அதுவும் கூடையில் போயிற்று. ஐந்தாம் நாள் பஞ்சை முகர்ந்து, “கொள்ளாம், வாடையில்ல” என்றார்.

அதற்கு இடையில்தான் ஞாயிறு வந்தது. சபையில் ஜெபித்ததோடு நிற்காமல் உபதேசியாரும் மூப்பர்களும் வீட்டுக்கே வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, தலையில் கைவைத்து நீண்ட ஜெபம் பண்ணினார்கள். நர்ஸம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “பொய்க்கு ஜெபம் வாங்கியாச்சு” என்றார்.

“ஜெபம் எங்க போவணுமோ அங்க போவும் அக்கா” என்றாள் என் மனைவி.

“போவணும்” என்றார்.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, நான் ஆபீசில் இருந்தபோது ஏட்டு மறுபடியும் வந்திருக்கிறார். செய்தித்தாளில் பொதிந்த இரண்டு ஆப்பிள் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தார். நோவு எப்படி இருக்கிறது என்று கேட்டார். குறைவு என்று பதில் வந்தது. உட்காரவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், “ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்களுக்கு” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

நர்ஸம்மா எழுந்து கதவைச் சாத்தினார். இரண்டு பழத்தையும் தன் கையாலேயே சுற்றினார். ஒரு கிண்ணம் கூடையில் ஏறியது. மற்றதை அவர் தின்றார். சனிக்கிழமை விடியுமுன் தையல்காரப் பெண்ணின் தம்பி ஊன்றுகோலோடு கிழக்கே போய்விட்டான். தன் இரண்டு காலால்தான் போனான். ஞாயிறு ஆராதனைக்கு நர்ஸம்மா நடந்து போனார். சுகம் கிடைத்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல எழும்படி கேட்டதற்கு, இருந்த இடத்திலேயே தலையசைத்து மறுத்துவிட்டார்.

1956 நவம்பர் முதல் தேதி எல்லை முடிவானபோது நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். தம்பி அங்கே கடை வைத்துக் குடும்பமாக இருக்கிறான் என்று தையல்காரப் பெண் சொன்னாள். நர்ஸம்மா அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து, அன்று கிடந்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. “முறிவு தெரியும்” என்றார்.

சரிபார்க்க முடியாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற ஏட்டுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். விலாசதாரர் காலமானார் என்று குறிப்போடு அது என் மேசைக்கே திரும்பி வந்தது. பழக்கடைக்காரர் முதல் நாளே தையல்காரப் பெண்ணின் பெயரையும் சொல்லியிருந்தார், தெரிந்துதான் ஏட்டு நர்ஸம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு வயல் பக்கம் போகாமல் இருந்தார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்வது. பழக்கடைக்காரரின் மகனோ, அப்பா அப்படி யாரிடமும் சொன்னதில்லை என்கிறார். என் மனைவிக்கு இதில் சந்தேகமே கிடையாது. நான் எழுத முடிந்தது இவ்வளவுதான்: ஏட்டு இரண்டு பழம் கொண்டுவந்ததும், ஒன்று உங்களுக்கு என்று சொன்னதும் உறுதி. மற்றது யாருக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.